விசுவாசம் வேறு, உறுதி வேறா?

சூரமங்கலம் வாசகர் | ஏப்ரல் 20, காலை 11:05

மகள் பி.ஏ. இரண்டாம் வருஷம். மொழிபெயர்ப்புத் தாளுக்கு ஒரு பத்தி கொடுத்திருக்கிறார்கள். அதில் 'கான்ஸ்டன்சி' என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது. இரண்டு இடத்தில் கட்டியவளை, கூட்டாளியைக் கைவிடாத குணம். மற்ற இரண்டு இடத்தில் எது வந்தாலும் கலங்காத மனசு. விசுவாசம், உறுதி, மாறாமை என்று மூன்றையும் போட்டு அகராதி கையைக் கழுவிவிட்டது. என் கட்சி இதுதான்: இவை இரண்டு தனித்தனிக் குணங்கள். நாய்க்கு விசுவாசம் உண்டு, இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பாறைக்கு உறுதி உண்டு, யாரிடமும் விசுவாசம் கிடையாது. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடியது இங்கிலீஷ்காரன் சோம்பேறித்தனம். தமிழில் ஒரே சொல் இல்லை, தேவையும் இல்லை. மறுப்பவர்கள் வரலாம்.

பாவுக்காரர் மகன் | ஏப்ரல் 20, இரவு 9:40

வந்துட்டேன். இங்கிலீஷ்காரனைத் திட்டாதீங்க, சரக்கு லத்தீன்காரனுடையது. 'ஸ்டாரே' என்றால் நிற்பது. அதிலிருந்து வந்ததுதான் கான்ஸ்டன்சி. நமக்கு 'நில்' இருக்கு. சொன்ன சொல்லில் நிற்கிறான். கெட்ட நேரத்தில் கூட நிற்கிறான். வந்தா வரட்டும்னு நிற்கிறான். மூணுக்கும் கால் ஒண்ணுதான். மகளை 'நிலை'யில் ஆரம்பிக்கச் சொல்லுங்க.

இரண்டும் தனித்தனின்னா கல்யாணத்துல எதுக்கு 'அம்மி மிதித்து அருந்ததி பார்த்து'ன்னு ஒரே மூச்சில் சொல்றோம்? அம்மி உங்க பாறை. அருந்ததி உங்க... நாய்னு எழுதினா எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

ஏப்ரல் 20, இரவு 10:25

தூக்கம் வரலை, அதனால இது. என் கல்யாணம் அம்மாபேட்டையில், காலை ஒன்பது மணிக்கு. சித்திரை வெயில் கண்ணைப் பிடுங்குது. மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, ஐயர் வானத்தைக் காட்டி "அருந்ததி தெரியுதாம்மா?" என்றார். எல்லாப் பொண்ணும் தெரியுதுன்னு தலையாட்டும். இவள் நல்லா அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்கேங்க, தெரியலையே" என்றாள். கூட்டம் சிரிச்சுது. எங்க அத்தை மட்டும் சிரிக்கலை. "தெரியுதுன்னு சொல்லு கண்ணு, நேரமாவுது" என்றார் ஐயர். இவள் சொல்லலை. முப்பத்திரண்டு வருஷம் ஆகுது, இன்னும் அப்படித்தான்.

ஏப்ரல் 22, இரவு 8:50

மாறாத பொருளுக்கு உதாரணம் கேட்டிருந்தார் ஒருத்தர். துருவ நட்சத்திரம். எங்க மொட்டை மாடியில் வடக்கே பார்த்து நின்னா சேர்வராயன் மலை கறுப்பா படுத்திருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தில் வைங்க. முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவு பளிச்சுனு இல்லாம ஒண்ணு தெரியும். சேலம் பதினொண்ணரை டிகிரி அட்சரேகைக்குச் சற்று மேலே இருக்கு, அதனால் அதுவும் அதே உயரத்தில் நிற்குது. ராத்திரி பூரா எல்லாம் நகரும், அது நகராது. இதுக்கு மேல என்ன வேணும்?

ஏப்ரல் 23, காலை 7:10

அடி வாங்கியாச்சு. அயோத்தியாப்பட்டணத்து தம்பி, பள்ளிக்கூட சயின்ஸ் வாத்தியார் போல, திருத்தியிருக்கிறார். அவர் சொன்னது சரி, என்னுடையது தப்பு.

ஒண்ணு, துருவ நட்சத்திரமே தினம் ஒரு சின்ன வட்டம் போடுதாம். வட்டத்தின் நடுவிலிருந்து அது இருக்கிற தூரம் முழு நிலா அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இரண்டு, பூமியின் அச்சு தள்ளாடுது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 வருஷம். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னே இந்த வேலையைப் பார்த்தது துபான் என்கிற வேறொரு நட்சத்திரம். ஆக, அது ஒரு பதவி. இன்னிக்கு இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கார்.

மூணாவதா அவர் சொன்னதுதான் எனக்குப் பிடிச்சது. அருந்ததியும் வசிஷ்டரும் அசையாம நிற்கலை. சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில் இரண்டும் ஒரே திக்கில் ஓடிக்கிட்டு இருக்கு. சப்தரிஷி ஏழு பேரில் அஞ்சு பேர் அந்த ஓட்டத்தில் சேர்ந்தவங்க. இரண்டு ஓரத்தில் இருக்கிற இரண்டு பேர் மட்டும் வேற வழி. கட்சி மாறிகள் ரிஷிகளிலும் உண்டு.

அப்போ அம்மிதான் அசையாது, அருந்ததி அசையுது. சூரமங்கலத்தாருக்கு அரைப்புள்ளி விட்டுக்கொடுக்கிறேன்.

ஏப்ரல் 27, இரவு 7:20

விஷயத்துக்குச் சம்பந்தம் இல்லாத புலம்பல். ஒவ்வொரு ஞாயிறும் ராத்திரி ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால். இரண்டு மணி அடிச்சு நின்னுடும். இப்பவும் வந்துது. திருப்பிக் கூப்பிட்டா எடுக்க மாட்டான். இதுவும் கான்ஸ்டன்சிதான், தாங்க முடியாத வகை.

மே 3, மாலை 4:30

குறள் போட்டது நான்தான், வம்பு வந்ததும் என்னாலதான். 'பெண்ணின் பெருந்தக்க யாவுள கற்பென்னும் திண்மைஉண் டாகப் பெறின்.' கற்பு என்பதே ஒரு திண்மை என்கிறார், ஆக விசுவாசமும் உறுதியும் ஒண்ணாச்சு, கேஸ் முடிஞ்சதுன்னு எழுதியிருந்தேன். அஸ்தம்பட்டி அம்மா ஒருத்தர் ஒரே வரியில் கேட்டுட்டார்: "திண்மை பொம்பளைக்கு மட்டும்தானா, உங்களுக்கு என்ன, மண்ணா?"

பதில் இல்லைங்க. கற்பு நிலையை இரு கட்சிக்கும் பொதுவில் வைன்னு பாரதி சொல்லியாச்சு, நாம இன்னும் வைக்கலை. அவர் எழுதினதும் கற்பு 'நிலை'தான் என்பதை மட்டும் காதில் போட்டுட்டு ஓடிடறேன்.

ஓடுறதுக்கு முன்னே ஒண்ணு. எங்க வீட்டில் நெய்தது அப்பா. ஊர் அவரைத்தான் நிலையான ஆளுன்னு சொல்லும். விடியக்காலம் தறிக் குழியில் கால் விட்டார்னா உச்சிக்குத்தான் எழுந்திருப்பார். ஆனா அந்தத் தறியை நிலையா வைச்சிருந்தது அம்மாவும் அக்காவும். அதைத் தனியா எழுதணும்.

மே 5, இரவு 11:00

எழுதறேன். நீளும்.

பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடுற இழைகள். ஊடை, அதாவது குறுக்கு நூல், நாடாங்கற ஓடத்தில் போகும், தீர்ந்தா வேற குழல் மாத்திக்கலாம். பாவு அப்படி இல்லை. எங்க தறியில் நாலாயிரம் இழைக்கு மேலே. ஒவ்வொரு இழையும் விழுதின், அதாவது இழையைத் தூக்கி இறக்குற நூல் கண்ணிகளின், ஒரு கண்ணில் நுழைஞ்சு, பண்ணைன்னு சொல்ற சீப்பின் ஒரு பல்லுக்குள் நுழைஞ்சு வரணும். ஒரு பாவு தீர்ந்ததும் புதுசா எல்லாத்தையும் கோத்தா நாள் கணக்கில் ஆகும், ஒரு கண் மாறினாலும் துணி பூரா கோடு விழும். அதனால் பழைய பாவை முழுசா நெய்ய மாட்டாங்க. வால் மாதிரி கொஞ்சம் மிச்சம் விட்டு வைப்பாங்க. புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய வாலின் ஒவ்வொரு இழையோட பிணைக்கணும். பிணைச்சுட்டு மெதுவா இழுத்தா, பழசு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி புதுசு விழுதுக்குள்ளேயும் பண்ணைக்குள்ளேயும் போயிடும்.

அதுதான் அம்மா, அக்கா வேலை. தறிக்குப் பின்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் சிரட்டையில் அடுப்புச் சாம்பல். கட்டை விரலில் சாம்பலைத் தொட்டு, பழைய இழை, புது இழை, ஒரு முறுக்கு, மடக்கி இன்னொரு முறுக்கு. முடிச்சு கிடையாது. முடிச்சு போட்டா பண்ணையில் மாட்டும். கண்ணு எங்கேயோ பார்த்துக்கிட்டு இருக்கும், பேச்சு ஓடும், விரல் மட்டும் நிற்காது. சாயந்திரம் பார்த்தா அக்கா விரல் நுனி விபூதி பூசின மாதிரி வெளுத்திருக்கும்.

கணக்குப் பாருங்க. பதினோரு வருஷம் எங்க தறியில் மறுபடியும் கோத்ததே இல்லை. ஒவ்வொரு இழையும் அதுக்கு முந்தின இழையைப் பிடிச்சு வந்தது. அப்பா நெய்த முதல் வேட்டியின் இழையிலிருந்து கடைசி வேட்டி வரைக்கும் ஒரே தொடர்ச்சி. ஆனா அதில் ஒரு நூல்கூடப் பழைய நூல் கிடையாது. சூரமங்கலத்தாரே, இதை எந்த டப்பாவில் போடுவீங்க? பாறையா, நாயா?

மே 6, காலை 9:15

அக்காவுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன். "பதினோரு வருஷமாம், பெருசா எழுத வந்துட்டான். நடுவுல ரெண்டு தடவை எலி கடிச்சு மொத்தமும் போச்சு. எட்டு நாள் உட்கார்ந்து கோத்தேன். நீ அப்ப கோலி விளையாடிட்டு இருந்த" என்கிறாள். திருத்தம் பதிவு செய்யப்படுகிறது. இரண்டு தடவை அறுந்தது.

மே 6, காலை 9:40

'இழை' என்று இந்தப் பக்கத்தையும் சொல்றோமேன்னு ஒருத்தர் சிரிச்சிருக்கார். ஆமாங்க, இதிலும் அங்கங்கே எலி கடிச்சிருக்கு.

ஜூன் 10, இரவு 9:05

ஒரு மாசம் யாரும் எட்டிப் பார்க்கலை. சுகவனேஸ்வரர் கோயில் வைகாசித் தேர் பார்த்துட்டு வந்து எழுதறேன். தேர் வீதி சுத்திட்டுத் திரும்பினதும் 'நிலை சேர்ந்துடுச்சு'ன்னு சொல்வோம் இல்லையா? அந்த நிலைதான் நான் ஏப்ரல் முழுக்கத் தேடினது. வருஷம் பூரா தகரக் கொட்டகைக்குள் நின்னதுக்கு அந்தப் பேச்சு கிடையாது. சுத்திட்டு வரணும்.

வடம் பிடிக்கிறவங்களைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறாங்க. சக்கரத்துக்குக் கீழே குனிஞ்சுக்கிட்டே ஓடுற ஆளுங்களைப் பாருங்க. கையில் முட்டுக்கட்டை. திரும்பணும்னா ஒரு பக்கச் சக்கரத்தில் சொருகறாங்க, தேர் முனகிக்கிட்டு மூக்கைத் திருப்புது, உடனே உருவறாங்க. ஒரு நொடி தாமதிச்சா கை போயிடும். பேச்சில் முட்டுக்கட்டைன்னா தடங்கல். அங்கே அது இல்லாட்டி தேர் டீக்கடைக்குள்ளதான் நிலை சேரும்.

ஜூன் 22, மதியம் 2:45

"நீங்களே ஒரே இடத்தில் 22 வருஷம் வேலை பார்த்தவர்தானே, உங்களைவிட உதாரணம் வேணுமா" என்று பழைய வாசகர் ஒருத்தர் புகழ்ந்திருக்கார். அதை அப்படியே விட மனசு வரலை.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதினேன். தினம் காலை பஸ், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சாயந்திரம் இருபதும் இறங்கி. அந்த மலையில் காப்பி 1820களில், கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது. அதுக்குப் பிறகு தோட்டங்கள் எத்தனையோ கை மாறியாச்சு. எங்க தோட்டமும் ஒருநாள் மாறுச்சு. புது முதலாளி தரப்பு முதல் மாசமே கடுதாசி கொடுத்தாங்க. வர வேண்டிய பணத்துக்கு நடையா நடந்தேன், பாதி வந்தது. அப்போ ஊர் பூரா சொன்னேன், நான் நின்னேன், அவங்க நிக்கலைன்னு.

இப்போ யோசிச்சா, நான் நின்னேனா? வேற இடத்துக்கு மனுப் போட பயம். காலை பஸ்ஸில் ஜன்னலோர சீட் எனக்குன்னு இருந்தது. நடுவில் ஒரு நல்ல இடம் கூப்பிட்டப்போ, பஸ் இரண்டு மாறணும்னு போகலை. இதுக்குப் பேர் விசுவாசமா? அம்மியும்தான் 22 வருஷம் ஒரே இடத்தில் கிடக்குது.

தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறி நிற்கும், பார்க்க அவ்வளவு பந்தம். மேஸ்திரி சொல்வார்: "கொடிக்கு மரம் மேல ஆசையா, உயரம் மேல ஆசையான்னு மரத்தை வெட்டினாத்தான் தெரியும் சார்." அவங்க மரத்தை வெட்டினாங்க. நான் கீழே விழுந்தேன், அவ்வளவுதான்.

ஜூலை 6, இரவு 7:30

அஸ்தம்பட்டி அம்மா ஏப்ரல் பதிவை இப்பத்தான் பார்த்தாராம். "அந்த மிஸ்டு கால் யாரு?" என்கிறார்.

என் கூட்டாளி. மலை பஸ் டிரைவர். நிலையான ஆளுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மூணு கட்சி மாறினவன். லாரி ஓட்டினான், விட்டான், கோழிப்பண்ணை வைச்சான், விட்டான். தண்ணி உண்டு, டூட்டியில் மட்டும் கிடையாது. என்னோட பத்து தடவையாவது சண்டை போட்டுப் பேசாம இருந்திருக்கான். ஆனா எனக்கு எஸ்டேட்டில் கடுதாசி கொடுத்த அன்னிக்கு, அவன் அப்போ எங்கிட்டே பேசாம இருந்த சமயம், பஸ்ஸில் ஏறினதும் முகத்தைப் பார்த்துட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து என் மடியில் வைச்சான். பேசலை. இருபது வளைவும் பேசலை. கீழே வந்து இறங்கறப்போ "டப்பாவைக் கழுவிக் கொடுத்துடு" என்றான்.

ஸ்டியரிங் பத்தி அவன் சொன்னது ஞாபகம் இருக்கு. "வளைவுல கெட்டியா பிடிக்கறவன் புதுசு. விட்டு விட்டுப் பிடிக்கணும். ரோடு என்ன நேராவா இருக்கு, கை மட்டும் நேரா இருக்கறதுக்கு?"

மூணு வருஷம் முன்னே அவனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. முதலில் வாராவாரம் ஏறிப் போய்ப் பார்த்தேன். அப்புறம் மாசம் ஒரு தடவை. அப்புறம் பொங்கலுக்கு. போன வருஷம் போகலை. காரணம்னு ஒண்ணு இல்லைங்க. அவன் வாயைத் திறந்து சத்தம் மட்டும் வரும்போது எங்கே பார்க்கறதுன்னு தெரியாது. திறந்து சொல்லிட்டேன்.

ஜூலை 13, இரவு 7:35

இன்னிக்கு மிஸ்டு கால் வரலை.

ஜூலை 13, இரவு 10:10

வரலை. நான் அடிச்சா எடுக்கலை. அவனும் எப்பவுமே எடுக்க மாட்டான், அதனால் ஒண்ணும் நிச்சயமாத் தெரியலை. நாளைக்கு அக்கா வீட்டில் ஒரு காரியம். நாளன்னிக்கு ஏறப்போறேன்.

ஜூலை 16, காலை 6:30

போனேன். விசாரிச்சவங்களுக்கு நன்றி. நல்லா இருக்கான்.

ஆடி நெருங்குது, மேலே பாதி மலைக்கு மேல் மேகம் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. டிரைவர் சின்னப் பையன். வளைவுக்கு வளைவு ஹார்ன். மேலே ஏறுற வண்டிக்கு வழி விடாம ஒரு கார்க்காரன் மூக்கை நீட்டிட்டு நின்னான். என் கூட்டாளியா இருந்தா இறங்கிப் போய் அவன் ஜாதகத்தையே சொல்லியிருப்பான்.

வீட்டில் தங்கச்சி, அவன் சம்சாரம், வாசலில் காப்பிக் கொட்டை காய வைச்சிருந்த சாக்கை மடிச்சுக்கிட்டு இருந்தது. "வாங்கண்ணா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா" என்றது. குத்தினதா தெரியலை, குத்துச்சு. ஏன் மிஸ்டு கால் வரலைன்னு கேட்டேன். "ரீசார்ஜ் தீர்ந்து போச்சுண்ணா. பையன் டூர் வண்டியில போயிட்டான், போட ஆளில்லை. ஞாயித்துக்கிழமை ராத்திரி பூரா போனைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்து வந்து காட்டுறாரு."

அந்த போனைப் பார்த்தேன். பட்டன் போன். மத்த எண் எல்லாம் பளிச்சுனு இருக்கு, ஒண்ணாம் நம்பர் மட்டும் அழுத்தி அழுத்தி அழிஞ்சு வெறும் ரப்பராக் கிடக்குது. மருமகள் அதில் என் நம்பரைப் போட்டுக் கொடுத்திருக்கு. இடது கை கட்டை விரலில் அழுத்துவான், இரண்டு மணி கேட்டதும் அணைப்பான். நான் எடுத்துடுவேனோன்னு பயமாம். எடுத்தா பேசணும் இல்லையா? அதேதான், நான் திருப்பிக் கூப்பிட்டா எடுக்காததும்.

அங்கேயே உட்கார்ந்து என் போனிலிருந்து ரீசார்ஜ் போட்டேன். மெசேஜ் வந்ததும் அவன் என்னைப் பார்த்தான். ஒண்ணாம் நம்பரை அழுத்தினான். என் சட்டைப் பையில் மணி அடிச்சுது. இரண்டு மணி. அணைச்சுட்டுச் சிரிச்சான், வாய் ஒரு பக்கமா.

டிபன் பாக்ஸ் ஒண்ணு கழுவிக் கொண்டு போயிருந்தேன். அன்னிக்குள்ளதுதான். திருப்பிக் கொடுக்கவே இல்லைங்கறது போன வாரம் இங்கே எழுதின பிறகுதான் உறைச்சது.

ஜூலை 17, இரவு 8:15

இன்னொரு குறள், இந்தத் தடவை அடி வாங்காம. 'நட்பிற்கு வீற்றிருக்கை யாதெனின் கொட்பின்றி ஒல்லும்வாய் ஊன்றும் நிலை.' கொட்பு என்றால் சுழற்சி, இங்கே மனசு திரிவது. திரியாமல் ஊன்றி நிற்கிற நிலை. சூரமங்கலத்தார் கேட்ட இரண்டும் இந்த ஏழு சீருக்குள்ளே இருக்கு. பள்ளிக்கூடத்தில் ஒப்பிச்சப்போ 'ஒல்லும்வாய்' என்பதை வாய் சம்பந்தப்பட்டதுன்னு நினைச்சிருந்தேன். இயலும் இடத்தில் எல்லாம்னு அர்த்தம். எப்பவும், எந்த நிலையிலும்னு அவர் எழுதலை. முடிஞ்ச இடத்தில். கட்டை விரல் முடிஞ்சா கட்டை விரல்.

எனக்கு முடிஞ்சது இதைவிட நிறைய. அதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கறேன்.

ஜூலை 20, காலை 10:00

சூரமங்கலத்தார் திரும்பி வந்துட்டார், மூணு மாசம் கழிச்சு. மகள் இரண்டு இடத்தில் 'நிலை', இரண்டு இடத்தில் 'கூட நிற்றல்' என்று போட்டாளாம். ஒரே மூலச்சொல்லுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு என்று பேராசிரியர் ஒரு மதிப்பெண் வெட்டிட்டாராம். என்னைத்தான் நஷ்ட ஈடு கேட்கிறார். தட்டுவடை செட்டு ஒரு பிளேட் வாங்கித் தர்றேன், ஐந்து ரோடு பக்கம் வாங்க.

அருந்ததி பத்திக் கேட்டிருந்த தம்பிக்கு: ஆமா, பிறகு காட்டினேன். கல்யாணமான இரண்டாம் வருஷம், ஏற்காட்டில், கரண்ட் போன ஒரு மே மாச ராத்திரி. "அய்யே, இத்துனூண்டா" என்றாள். இப்போ எனக்குக் கண்ணில் புரை. நடு வசிஷ்டர் வரைக்கும்தான் தெரியுது. பக்கத்தில் இருக்கான்னு அவளைத்தான் கேட்டுக்கணும். தெரிஞ்சாத்தான் தெரியுதும்பாள்.

ஜூலை 20, இரவு 7:05

இன்னிக்கு நான் முந்திட்டேன். 6:58. இரண்டு மணி விட்டு அணைச்சேன். ஏழு மணிக்கு அவன் அடிச்சான். மூணு மணி விட்டான்.